ஸ்பானிய ஒயின் வாங்குமுன்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பானிய ஒயின்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

உலகிலேயே மிக அதிகப் பரப்பில் ஒயின் திராட்சை பயிரிடும் நாடு ஸ்பெயின்தான். அங்கே 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் திராட்சைக் கொடிகள் நிற்கின்றன. அப்படியிருந்தும் உற்பத்தி அளவில் அது வழக்கமாக இத்தாலிக்கும் பிரான்சுக்கும் அடுத்த இடத்திலேயே இருக்கிறது. நாட்டின் நடுப்பகுதி வறண்ட மேட்டு நிலம் என்பதால் கொடிகளை நெருக்கி நட முடிவதில்லை. வயது முதிர்ந்த கொடிகளும் ஏராளமாக இருக்கின்றன, அவற்றின் விளைச்சல் குறைவு. புதிதாக வாங்குபவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. மற்ற நாடுகளில் முதிய கொடியின் பழத்தில் செய்த ஒயினுக்குக் கேட்கப்படும் விலையைவிடக் குறைந்த விலைக்கு ஸ்பெயினில் அத்தகைய ஒயின் கிடைப்பது அரிதல்ல.

தொடங்குவதற்கு மூன்று பாட்டில்கள் போதும் என்பது என் கருத்து: வடக்கே ரியோஹா வட்டாரத்தின் ஒரு 'க்ரியான்சா' (குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்த) சிவப்பு, வடமேற்கே கலீசியாவின் ரியாஸ் பைஷாஸ் வட்டாரத்திலிருந்து அல்பரீன்யோ திராட்சையில் செய்த ஒரு வெள்ளை, தெற்கே சான்லூக்கர் ஊரின் மன்சனியா என்னும் ஒரு ஷெர்ரி (சற்றே ஆல்கஹால் சேர்த்த ஒயின்). இம்மூன்றும் ஒன்றுக்கொன்று சிறிதும் ஒத்திராதவை. ஸ்பெயின் என்ற ஒரே பெயரின் கீழ் எத்தனை வேறுபட்ட மண்ணும் வானிலையும் அடங்கியிருக்கின்றன என்பதை இவற்றை அடுத்தடுத்துச் சுவைக்கும்போது உணரலாம்.

லேபிளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஊரை, அதாவது விளைந்த வட்டாரத்தை. ஆஸ்திரேலியாவிலோ சிலியிலோ திராட்சை வகையின் பெயரைப் பெரிதாக அச்சிடுவார்கள். ஸ்பெயினின் மரபான லேபிள்களில் வட்டாரத்தின் பெயரே முன்னால் நிற்கும். அதன் அருகே 'டெனொமினசியோன் டி ஒரிஹென்' என்ற சொற்றொடரோ அதன் சுருக்கமோ இருக்கும். அந்த வட்டாரத்தில் எந்தத் திராட்சைகளை வளர்க்கலாம், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு அறுவடை செய்யலாம், எவ்வளவு காலம் பதப்படுத்த வேண்டும் என்பவற்றை வகுத்து மேற்பார்வையிடும் ஒழுங்குமுறைக் குழு ஒன்று அங்கே செயல்படுகிறது என்பதே அதன் பொருள். அதற்கும் மேலான 'கலிஃபிக்காதா' தகுதியை இரண்டே வட்டாரங்கள் பெற்றிருக்கின்றன. ரியோஹா அதை 1991இல் பெற்றது. கட்டலோனியாவின் பிரியோராட்டுக்கு 2000இல் மாநில அரசு வழங்கிய தகுதி தேசிய அளவில் 2009இல் ஏற்கப்பட்டது.

அடுத்ததாகப் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ரியோஹா பாட்டிலின் பின்புறம் ஒழுங்குமுறைக் குழுவின் எண்ணிட்ட முத்திரைச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது பச்சையாக இருந்தால் முதிர்வுக் கட்டாயம் ஏதும் இல்லாத பொது வகை. சிவப்பாக இருந்தால் க்ரியான்சா. அடர்ந்த அரக்குச் சிவப்பாக இருந்தால் ரிசெர்வா. நீலமாக இருந்தால் கிரான் ரிசெர்வா. ஸ்பானிய மொழி அறியாதவரும் இந்த நிறங்களைக் கொண்டே பாட்டிலின் வகையை அறிந்துகொள்ளலாம். முன்பக்கத்துப் பொன்னெழுத்துகளையும் பிரபுக்களின் சின்னங்களையும்விட இச்சிறு சீட்டு நம்பகமானது. சில பாட்டில்களைச் சுற்றி மெல்லிய கம்பி வலை இருப்பதையும் காணலாம். பாட்டிலைத் திறந்து மலிவான சரக்கை நிரப்பி விற்கும் மோசடியைத் தடுப்பதற்காக ஒரு காலத்தில் அதைக் கட்டினார்கள். இன்று அது வெறும் அலங்காரம், தரத்துக்கு அடையாளம் அல்ல.

க்ரியான்சா, ரிசெர்வா, கிரான் ரிசெர்வா என்பவை எவற்றைக் குறிக்கின்றன?

விற்பனைக்கு வருமுன் அந்த ஒயின் தயாரிப்பாளரின் நிலவறையில் குறைந்தது எவ்வளவு காலம் இருந்தது என்பதை. ஸ்பெயினின் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். பல நாடுகளில் ஒயினை வாங்கி வீட்டில் வைத்து முதிரச் செய்யும் பொறுப்பு வாங்குபவருடையது. இங்கே அந்தக் காத்திருப்பைத் தயாரிப்பாளரே தம் செலவில் ஏற்றுக்கொள்கிறார்.

ரியோஹாவின் சிவப்பு ஒயின்களுக்கான விதி இது. க்ரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ச்சி. அதில் ஓராண்டு ஓக் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்றால் 3 ஆண்டுகள். அதில் குறைந்தது ஓராண்டு பீப்பாயிலும் 6 மாதம் பாட்டிலிலும். கிரான் ரிசெர்வா என்றால் 5 ஆண்டுகள். அதில் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயிலும் 2 ஆண்டுகள் பாட்டிலிலும். பீப்பாயும் ஏறத்தாழ 225 லிட்டர் கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். பீப்பாய் சிறியதாக இருந்தால் மரத்தின் மணம் ஒயினில் கூடுதலாக ஏறும் என்பதால் கொள்ளளவையும் விதியில் சேர்த்திருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான பொது விதி சற்றுத் தளர்வானது. மொத்தக் காலம் ஒன்றாக இருந்தாலும், பொது விதிப்படி க்ரியான்சா 6 மாதமும், ரிசெர்வா 12 மாதமும், கிரான் ரிசெர்வா 18 மாதமும் பீப்பாயில் இருந்தால் போதும். ஆகவே ஒரே சொல் வட்டாரத்துக்கு வட்டாரம் சற்று வேறுபட்ட பொருள் தருகிறது. 'ஹோவென்' என்று எழுதியிருந்தால் இளம் ஒயின். 'ரோப்லே' என்று இருந்தால் சில மாதங்கள் மட்டும் மரத்தில் இருந்தது என்று கொள்ளலாம்.

அப்படியானால் கிரான் ரிசெர்வாதானே சிறந்தது?

இல்லை. புதியவர்களை மிக எளிதாகத் தவறான பக்கம் திருப்பிவிடும் எண்ணம் இதுதான். இச்சொற்கள் காலத்தை அளக்கின்றனவே தவிரத் தரத்தை அளப்பதில்லை. சாதாரணப் பழத்தில் செய்த ஒயினை 5 ஆண்டுகள் வைத்திருந்தால் கிடைப்பது 5 ஆண்டுகள் பழகிய சாதாரண ஒயின்தான். தேர்ந்த பழத்தில் செய்து ஓராண்டிலேயே விற்பனைக்கு வந்த ஒயின் அதைவிடப் பல மடங்கு மேலானதாக இருக்கக்கூடும்.

சுவையும் முற்றிலும் மாறிவிடுகிறது. இளம் ஒயினில் செர்ரி, பிளம் போன்ற புதிய பழங்களின் மணம் முன்னால் நிற்கும். கிரான் ரிசெர்வாவில் அந்தப் பழம் பின்னுக்குப் போய், தோல், புகையிலை, உலர்ந்த அத்தி, ஈரமான காட்டுத் தரை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழும். நிறமும் கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மங்கும். இந்த முதிர்ந்த சுவை எல்லோருக்கும் முதலிலேயே பிடிப்பதில்லை. க்ரியான்சாவில் தொடங்கி, அதே நிறுவனத்தின் ரிசெர்வாவை அதன் அருகே வைத்துச் சுவைத்து, இரண்டில் எந்தப் பக்கம் தங்கள் மனம் சாய்கிறது என்று பார்த்த பிறகு மேற்கொண்டு செலவிடுவது நல்லது.

இந்தப் படிநிலையையே ஏற்காத தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். மரத்தில் எத்தனை மாதம் இருந்தது என்பதைவிட எந்த நிலத்தில் விளைந்தது என்பதையே லேபிள் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். ரியோஹாவின் பெயர்பெற்ற நிறுவனமான ஆர்டாதி 2015இன் இறுதியில் அந்த வட்டார முத்திரையையே விட்டு விலகியது. அதன் பின், குறைந்தது 35 ஆண்டு வயதுடைய கொடிகளைக் கொண்ட தனித் தோட்டங்களுக்கு 'வின்யேதோ சிங்குலர்' என்ற தனி அங்கீகாரத்தை ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு 2017இல் கொண்டுவந்தது. இந்த வாதத்தில் என் சார்பு நிலத்தின் பக்கமே. எனினும் புதியவருக்கு முதிர்வுச் சொற்கள் பயனுள்ள கைப்பிடி என்பதை மறுக்க மாட்டேன்.

சில ரியோஹா ஒயின்களில் வெனிலா மணம் வருவது ஏன்?

அது அமெரிக்க ஓக் மரம் தரும் மணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, போர்தோ வணிகர்கள் ஒயினைத் தேடிப் பிரனீஸ் மலைக்குத் தெற்கே வந்தனர். சிறு பீப்பாயில் முதிரவைக்கும் போர்தோ முறை ரியோஹாவில் வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ரியோஹாவின் ஹாரோ ஊர் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பழைய நிறுவனங்கள் நெருங்கி நிற்பதற்குக் காரணமும் அந்த வணிகம்தான். சரக்கை நேரே ரயிலில் ஏற்றி அனுப்ப அது வசதியாக இருந்தது. பீப்பாய்க்கு அமெரிக்க ஓக் மலிவாகக் கிடைத்தது. அது வெனிலாவையும் தேங்காயையும் நினைவூட்டும் இனிய மணத்தைத் தரும். பிரெஞ்சு ஓக் அதைவிட அடக்கமானது. இன்று இரண்டையும் பயன்படுத்துகிறார்கள்.

டெம்ப்ரனில்யோ என்ற பெயரை லேபிளில் காணோமே?

வேறு பெயரில் இருக்கலாம். ஸ்பெயினின் தலைசிறந்த சிவப்புத் திராட்சையான இது ரிபேரா டெல் டுவெரோவில் 'தின்தோ ஃபீனோ' என்றும், டோரோவில் 'தின்தா டி டோரோ' என்றும், லா மன்சாவில் 'சென்சிபெல்' என்றும், கட்டலோனியாவில் 'உல் டி யேப்ரே' என்றும் வழங்குகிறது. பெயர் எதுவானாலும் திராட்சை ஒன்றே.

ஆனால் விளையும் இடம் சுவையை மாற்றிவிடுகிறது. ரியோஹாவுக்கும் ரிபேரா டெல் டுவெரோவுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள டுவெரோ பள்ளத்தாக்கின் உயரத்தை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளன. கோடைப் பகலின் வெயில் கடுமையாகவும், இரவு சட்டெனக் குளிர்ந்தும் இருப்பதால், பழம் நன்றாகக் கனிந்தும் அதன் புளிப்பை இழப்பதில்லை, தோலும் தடிப்பாகிறது. விளைவு, ரியோஹாவைவிடக் கருமையான, அடர்த்தியான, துவர்ப்பு மிகுந்த ஒயின். 1864இல் தொடங்கப்பட்ட வேகா சிசீலியா நிறுவனம் அங்கிருந்து உலகப் புகழ் பெற்றிருந்தும், அந்த வட்டாரம் அதிகாரபூர்வத் தகுதி பெற்றது 1982இல்தான். மென்மையை விரும்புபவர் ரியோஹாவையும், வாயை நிறைக்கும் அழுத்தத்தை விரும்புபவர் ரிபேராவையும் தேர்ந்தெடுக்கலாம்.

இவ்விரண்டைத் தவிர வேறு சிவப்பு ஒயின்கள் உண்டா?

உண்டு, விலைக்கேற்ற மதிப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. அரகோனின் கம்போ டி போர்ஹா, கலதாயுத் ஆகிய வட்டாரங்களில் கர்னாச்சா என்னும் திராட்சையில் செய்யும் ஒயின்கள் முதிய கொடிகளிலிருந்து வருபவை; சிவந்த பழச்சுவையும் சற்றே மிளகின் வாசமும் கொண்டவை. தென்கிழக்கில் ஹுமியா வட்டாரத்தின் மொனாஸ்த்ரெல் கடும் வெயிலில் விளைவதால் கனமாகவும் 14, 15 சதவீத ஆல்கஹாலுடனும் இருக்கும். வடமேற்கில் பியெர்சோ வட்டாரத்தின் மென்சியா இதற்கு நேர் எதிரானது: மெலிதானது, மலர் மணம் கொண்டது, புளிப்புத் துலக்கமானது.

பிரியோராட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தோட்டங்கள் செங்குத்தான சரிவுகளில், 'யிகொரேயா' எனப்படும் கருஞ்சிலேட்டுக் கல் உதிர்ந்து கிடக்கும் நிலத்தில் உள்ளன. மண் மிகக் குறைவு என்பதால் கொடியின் வேர் பாறைப் பிளவுகளுக்குள் நீரைத் தேடி இறங்குகிறது. ஒரு கொடியில் கிடைக்கும் பழமும் மிகக் குறைவு. 12ஆம் நூற்றாண்டில் ஸ்காலா தேய் மடத்துத் துறவிகள் வளர்த்த இந்தத் தோட்டங்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் கைவிடப்பட்டுக் கிடந்தன. 1980களின் இறுதியில் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ் உள்ளிட்ட சிலர் வந்து மீண்டும் உயிரூட்டினர். கர்னாச்சாவும் கரின்யேனாவும் கலந்த அந்த ஒயின்கள் விலை மிகுந்தவை. சரிவில் இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை என்பதை அறிந்தவருக்கு அந்த விலை வியப்பளிக்காது.

வெள்ளை ஒயினில் எதைத் தேர்வது?

கடலுணவுடன் என்றால் ரியாஸ் பைஷாஸின் அல்பரீன்யோ. அட்லாண்டிக் கடலோரத்தில் மழை மிகுந்த அந்த வட்டாரத்தில், தரையின் ஈரம் பழத்தை அழுகச் செய்யாதிருக்கக் கருங்கல் தூண்கள் நட்டுப் பந்தல் போட்டுக் கொடியைத் தலைக்கு மேல் படரவிடுகிறார்கள். பீச், எலுமிச்சை மணமும், நாக்கில் ஒரு மெல்லிய உப்புத் தன்மையும் இதன் அடையாளம். ருவேதாவின் வெர்தேஹோ இதைவிட மலிவு. பச்சிலை வாசமும் முடிவில் இதமான கசப்பும் கொண்டது. கூடுதல் கனம் வேண்டுவோர் வால்தியோராசின் கொதேயோவைத் தேடலாம். இவற்றுள் பெரும்பாலானவை இளமையில் அருந்த ஏற்றவை. விதிவிலக்கும் உண்டு: 1877இல் தொடங்கிய லோபெஸ் டி எரேதியா நிறுவனத்தின் தொந்தோனியா வெள்ளை ஒயின்கள் பல ஆண்டுகள் பீப்பாயில் இருந்த பின்பே வெளிவருகின்றன, அவற்றின் கொட்டைப்பருப்பு மணத்துக்கு இணை வேறெங்கும் நான் அறியேன்.

கவா என்பது மலிவான ஷாம்பெய்னா?

அல்ல. கவா ஸ்பெயினின் நுரைக்கும் ஒயின்; ஷாம்பெய்னுக்கும் அதற்கும் செய்முறை ஒன்று, திராட்சையும் மண்ணும் வேறு. 1872இல் சான்ட் சதுர்னி தானோயா ஊரில் ஜோசெப் ரவெந்தோஸ், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைக்கும் ஷாம்பெய்ன் முறையை மேற்கொண்டார். மகபேயோ, சரேலோ, பரெயாதா ஆகியவை இதன் மரபான திராட்சைகள். சாதாரண கவா ஈஸ்ட் படிவுடன் குறைந்தது 9 மாதமும், ரிசெர்வா 18 மாதமும், கிரான் ரிசெர்வா 30 மாதமும் இருக்க வேண்டும். 9 மாதக் கவா விருந்துக்குப் போதுமானது. ஆழமான சுவை வேண்டுமானால் 18 மாதத்துக்குக் குறையாததை வாங்குங்கள்.

இனிப்பின் அளவை லேபிள் சொல்லும். 'புரூட் நத்தூரே' என்பதில் லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. 'புரூட்' 12 கிராம் வரை. 'செமி செக்கோ' 32 முதல் 50 கிராம் வரை. 'செக்கோ' என்று எழுதியதைப் பார்த்து இனிப்பே இல்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. அதில் 17 முதல் 32 கிராம் வரை இருக்கும்.

ஷெர்ரி இனிப்பானதுதானே?

பெரும்பாலான நல்ல ஷெர்ரிகள் இனிப்பே இல்லாதவை. ஏற்றுமதிக்காக இனிப்புச் சேர்த்துக் கலந்த வகைகள் பரவியதால் ஏற்பட்ட இந்த எண்ணம், உலகின் மிகச் சிறந்த ஒயின்களுள் ஒன்றைப் பலர் தொடாமலே விடக் காரணமாகிவிட்டது. அதனால்தான் தொடக்க மூன்றில் ஒன்றாக அதைச் சேர்த்தேன்.

தெற்கே அந்தலூசியாவில், ஹெரெஸ், சான்லூக்கர் டி பர்ரமேதா, எல் புவெர்த்தோ டி சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களை மையமாகக் கொண்டது ஷெர்ரி. சுண்ணாம்பு மிகுந்த வெண்ணிற மண்ணில் பலோமினோ திராட்சை விளைகிறது. ஒயினில் சற்றே ஆல்கஹால் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பீப்பாயை நிரப்பாமல் மேலே இடம் விட்டு வைப்பார்கள். ஒயினின் மேற்பரப்பில் 'ஃப்ளோர்' எனப்படும் ஈஸ்ட் ஏடு படரும், பாலில் ஆடை படர்வதுபோல. அந்த ஏடு காற்று படாமல் காக்கிறது. ஒயினில் எஞ்சிய சர்க்கரையை உண்டு அதைத் துளியும் இனிப்பற்றதாக்குகிறது. ரொட்டி மாவையும் பாதாமையும் நினைவூட்டும் மணத்தைத் தருகிறது. அதுதான் ஃபீனோ. குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூக்கரில் ஈரக்காற்றால் ஏடு தடித்து வளர்வதால் அங்கே முதிர்வது மன்சனியா என்று தனிப்பெயர் பெறுகிறது. 17 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் ஏற்றினால் ஏடு வாழாது; காற்றுபட்டுக் கருத்து, அக்ரூட் மணத்துடன் முதிர்வது ஒலொரோசோ. முதலில் ஏட்டின் கீழும் பிறகு காற்றிலும் முதிர்ந்தது அமோன்தியாதோ. இவை எல்லாமே இனிப்பற்றவை. வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் பெத்ரோ ஹிமேனெஸோ பாகுபோல் இனிப்பது. அதில் லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை உண்டு.

ஷெர்ரி பாட்டிலில் பெரும்பாலும் ஆண்டு குறிக்கப்படுவதில்லை. பீப்பாய் வரிசைகளில் மூத்ததிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அந்த இடத்தை அடுத்த வரிசையின் இளைய ஒயினால் நிரப்பும் 'சொலேரா' முறையில், பல ஆண்டுகளின் ஒயின்கள் ஒன்றாகக் கலந்திருப்பதே காரணம்.

காரமான உணவுக்கு எது ஏற்றது?

மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிவையும் மேலும் கூட்டிக் காட்டும். ஆகவே ஓக் மணம் மிகுந்த ரிசெர்வாவும் 15 சதவீத மொனாஸ்த்ரெலும் நம் குழம்புகளுக்கு ஏற்றவை அல்ல. குளிர வைத்த ரோசாதோ (இளஞ்சிவப்பு ஒயின்), அல்பரீன்யோ, மரத்தில் வைக்காத இளம் கர்னாச்சா ஆகியவை பொருந்தும். காரம் அளவாகப் போட்டு வறுத்த மீனுக்கு மன்சனியாவை ஒருமுறை முயன்று பாருங்கள்; அந்தலூசியக் கடற்கரையில் பொரித்த மீனுடன் அருந்துவதும் அதைத்தான். ரியோஹாவில் திராட்சைக் குச்சிகளை எரித்த தணலில் ஆட்டு விலாவைச் சுட்டு க்ரியான்சாவுடன் உண்கிறார்கள்.

சைவ உணவுக்காரர்கள் ஸ்பானிய ஒயினை அருந்தலாமா?

கேட்டு வாங்க வேண்டும். கலங்கலைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பது ரியோஹாவிலும் ஹெரெசிலும் பழைய வழக்கம். ஹெரெசில் எஞ்சிய மஞ்சள் கருவைக் கன்னிமாடங்களுக்குக் கொடுத்ததிலிருந்தே 'தொசீனோ டி சியேலோ' என்ற இனிப்பு பிறந்ததாகச் சொல்வார்கள். தெளிந்த பின் அது படிந்து நீக்கப்பட்டுவிடும் என்றாலும், பயன்படுத்தப்பட்டது உண்மையே. இப்போது பல நிறுவனங்கள் பென்டோனைட் களிமண்ணைப் பயன்படுத்துகின்றன. லேபிளில் 'வெகானோ' என்று இருந்தால் ஐயமில்லை.

எந்தச் சூட்டில் பரிமாறுவது, திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

வெப்ப நாட்டில் அறை வெப்பநிலை சிவப்பு ஒயினுக்கு மிக அதிகம். ரிசெர்வாவை 16 முதல் 18 டிகிரியிலும், இளம் சிவப்பை அதற்கும் சற்றுக் குறைவாகவும் பரிமாற வேண்டும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். வெள்ளை, கவா, ஃபீனோ ஆகியவற்றை 7 முதல் 10 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

திறந்த சிவப்பும் வெள்ளையும் தக்கையிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். ஃபீனோவும் மன்சனியாவும் ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை. அரைப் பாட்டிலாகக் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது. காற்றில் முதிர்ந்த ஒலொரோசோ சில வாரங்களுக்குக் கெடாது, பெத்ரோ ஹிமேனெஸ் அதைவிட நீண்ட நாள் இருக்கும்.